இரு மாநிலங்களில் ஒரே நேரத்தில் எஸ்ஐஆர்: கோவிந்தாபுரம் எல்லை வாக்காளர்களின் பெயர் எந்தப் பட்டியலில்?

பாலக்காடு: தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தப் பணி (எஸ்ஐஆர்) ஒரே காலகட்டத்தில் நடைபெற்று, இரு மாநிலங்களின் வரைவுப் பட்டியல்களும் 2025 டிசம்பரில் நான்கு நாள் இடைவெளியில் வெளியாகியுள்ளன. தமிழ்நாட்டில் சுமார் 97.37 லட்சம் பெயர்களும், கேரளத்தில் சுமார் 24.08 லட்சம் பெயர்களும் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. இரு மாநிலங்களுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு தனிக் கேள்வியை எழுப்புகிறது. இரண்டு பட்டியல்களிலும் பெயர் வைத்திருப்போரைக் களைய எடுக்கப்படும் நடவடிக்கை, உண்மையான வாக்காளர் ஒருவரை இரண்டு பட்டியல்களிலிருந்தும் வெளியேற்றிவிடக் கூடுமா என்பதே அக்கேள்வி.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் உள்ள கோவிந்தாபுரம், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகச் செல்லும் சாலையில் அமைந்த எல்லைச் சோதனைச் சாவடியால் அறியப்படும் ஊர். மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடை ஊராட்சியின் ஒரு பகுதியான இவ்வூர், நென்மாரா சட்டமன்றத் தொகுதிக்கும் ஆலத்தூர் மக்களவைத் தொகுதிக்கும் உட்பட்டது. எல்லைக்கு அப்பால் கோவை மாவட்டத்தின் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகள் தொடங்குகின்றன. சந்தை, மருத்துவமனை, கல்லூரி, திருமண உறவு, தோப்பு வேலை என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இந்த எல்லையைக் கடந்தே நடைபெறுகிறது. ஆனால் வாக்காளர் பட்டியல் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது.

இரட்டைப் பதிவு: பழைய குற்றச்சாட்டு

எல்லைப் பகுதிகளில் ஒருவரின் பெயரே இரு மாநிலப் பட்டியல்களிலும் இருப்பதாகக் கூறப்படும் புகார் புதிதல்ல. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு தொகுதிகளில் ஒவ்வொரு தேர்தலின்போதும் இப்புகார் எழுகிறது. ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பணிபுரியும் தொழிலாளர்கள் பலருக்குத் தேனி மாவட்டத்தில் பூர்வீக வீடும், இடுக்கியில் வேலையும் குடியிருப்பும் இருப்பதே இதற்குப் பின்னணி.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, அப்போதைய கேரள எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா, மாநிலம் முழுவதும் சுமார் 4.34 லட்சம் இரட்டைப் பதிவுகள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டி உயர் நீதிமன்றத்தை அணுகினார். தேர்தல் ஆணையம் தனது ஆய்வில் கண்டறியப்பட்ட இரட்டைப் பதிவுகளின் எண்ணிக்கை 38,586 என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில் பட்டியலைத் திருத்துவது இயலாது என்பதால், அத்தகைய வாக்காளர்களின் தனிப் பட்டியலை வாக்குச்சாவடிகளுக்கு வழங்கி, அவர்கள் ஒருமுறை மட்டுமே வாக்களிப்பதை உறுதிசெய்யும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

அந்த வழக்கு கேரளத்துக்குள் இருந்த இரட்டைப் பதிவுகளையே முதன்மையாகக் கையாண்டது. இரு மாநிலங்களுக்கு இடையிலான இரட்டைப் பதிவு அதைவிடச் சிக்கலானது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. எனவே இரு இடங்களிலும் வாக்களிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18-ஆம் தேதியும், கேரளத்தில் ஏப்ரல் 23-ஆம் தேதியும் வாக்குப்பதிவு நடைபெற்றது. 2024-இல் அந்த இடைவெளி ஏழு நாளாக, அதாவது ஏப்ரல் 19, ஏப்ரல் 26 என அமைந்தது. தேதிகள் விலகும்போதெல்லாம் எல்லையில் சந்தேகமும் கண்காணிப்பும் கூடுகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளின் வாக்காளர் பட்டியலில் பதிவுசெய்யப்படக் கூடாது என்று அதன் 17-ஆவது பிரிவும், ஒரே தொகுதியில் ஒருமுறைக்கு மேல் பதிவுசெய்யப்படக் கூடாது என்று 18-ஆவது பிரிவும் கூறுகின்றன. பதிவு தொடர்பாகப் பொய்யான உறுதிமொழி அளித்தால் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒருவர் ஒரே பொதுத் தேர்தலில் இரு தொகுதிகளில் வாக்களித்தால், அவருடைய எல்லா வாக்குகளும் செல்லாதவை என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு அறிவிக்கிறது.

ஒருவர் எங்கே பதிவுசெய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் தரும் அளவுகோல் ‘சாதாரணமாக வசிக்கும் இடம்’ என்பதாகும். ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கு சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 20-ஆவது பிரிவு கூறுகிறது. தற்காலிகமாக ஊரில் இல்லாததால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. நகரத்தில் ஒரே வீட்டில் ஆண்டு முழுவதும் வாழும் குடும்பத்துக்கு இந்த அளவுகோல் எளிதானது. ஆண்டில் சில மாதங்கள் முதலமடையின் மாந்தோப்பிலும், மற்ற மாதங்கள் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பிலும் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அது எளிதானதல்ல. அவர் எந்த ஊரில் ‘தற்காலிகமாக’ இல்லை, எந்த ஊரைவிட்டு ‘நிரந்தரமாக’ இடம்பெயர்ந்தார் என்பதை அவர் வீட்டு வாசலில் நிற்கும் அலுவலரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இரட்டைப் பதிவுகள் அனைத்தும் கள்ள நோக்கத்தால் உருவானவை என்று கொள்வதற்கும் இடமில்லை. குடிபெயர்ந்த ஊரில் புதிதாகப் பெயர் சேர்ப்பவர்கள், பழைய ஊரில் பெயரை நீக்கக் கோருவதில்லை. திருமணமாகி எல்லை கடந்து வரும் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலில் அப்படியே நீடிக்கிறது. நாடு தழுவிய ஒருங்கிணைந்த கணினித் தளம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பதிவேடுகளைப் பராமரித்ததால், ஒரு மாநிலத்தின் பதிவை மற்றொரு மாநில அலுவலர் அறியும் வழியும் இல்லை. வெவ்வேறு மாநில வாக்காளர்களுக்கு ஒரே அடையாள அட்டை எண் வழங்கப்பட்டிருந்த விவகாரத்துக்கும் இந்தப் பழைய நடைமுறையையே 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையம் காரணமாகக் கூறியது.

இரண்டு அலுவலர்கள், ஒரு வாக்காளர்

2025 அக்டோபர் 27-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட எஸ்ஐஆரின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்க்கப்பட்டன. நவம்பர் 4-ஆம் தேதி முதல் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடுதோறும் கணக்கீட்டுப் படிவங்களை வழங்கினர். படிவத்தைப் பூர்த்திசெய்து கையொப்பமிட்டுத் திருப்பி அளித்தவர்களின் பெயர் மட்டுமே வரைவுப் பட்டியலில் இடம்பெறும் என்பது விதி. இரு இடங்களில் படிவம் அளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் எச்சரிக்கப்பட்டது.

இந்த நடைமுறை எல்லையில் எவ்வாறு செயல்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். இரு ஊர்களிலும் பெயர் உள்ள ஒரு தொழிலாளியின் கோவிந்தாபுரம் வீடு, அலுவலர் வந்த நாள்களில் பூட்டியிருக்கிறது. அவர் ‘கண்டறிய இயலாதவர்’ அல்லது ‘இடம்பெயர்ந்தவர்’ எனக் குறிக்கப்படுகிறார். பொள்ளாச்சிப் பகுதியில் உள்ள மற்றோர் அலுவலரிடம், “இவர் கேரளத்தில் குடியேறிவிட்டார்” என்று அக்கம்பக்கத்தினர் கூறுகின்றனர். அங்கும் அவர் ‘இடம்பெயர்ந்தவர்’ ஆகிறார். இரு அலுவலர்களும் தத்தம் விதிகளின்படி சரியாகவே நடந்துகொண்டனர். ஆனால் ஓரிடத்திலாவது இருந்திருக்க வேண்டிய பெயர் இரண்டு இடங்களிலும் இல்லை. இரட்டைப் பதிவுக்கு அஞ்சி, எந்தப் படிவத்தில் கையொப்பமிடுவது என்று தயங்கி, இரண்டையும் அளிக்காமல் விட்டவருக்கும் இதே நிலைதான்.

வரைவுப் பட்டியலின் புள்ளிவிவரங்கள் இந்த ஐயத்துக்கு விடை தருவதில்லை. கேரளத்தில் விடுபட்டவர்களில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் என்றும், சுமார் 6.45 லட்சம் பேர் கண்டறிய இயலாதவர்கள் என்றும், சுமார் 1.36 லட்சம் பேர் இரட்டைப் பதிவு உடையவர்கள் என்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். தமிழ்நாட்டில் இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்ற வகையில் சுமார் 66.44 லட்சம் பேரும், இரட்டைப் பதிவு என்ற வகையில் சுமார் 3.39 லட்சம் பேரும் உள்ளனர். எல்லை மாவட்டமான கோவையில் மட்டும் சுமார் 6.5 லட்சம் பெயர்கள் விடுபட்டுள்ளன. ‘இடம்பெயர்ந்தவர்’ என்று ஒரு மாநிலம் குறித்த வாக்காளர், அடுத்த மாநிலத்தின் பட்டியலில் வந்து சேர்ந்தாரா என்பதை இந்த வகைப்பாடுகள் காட்டுவதில்லை.

பெயரும் மொழியும்

கேரளத் தமிழர்களுக்கு மொழியும் ஒரு தடையாக அமைகிறது. எஸ்ஐஆரில் 2002-ஆம் ஆண்டுப் பட்டியலே கேரளத்துக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியல் அடிப்படையாகிறது. அந்தப் பட்டியலில் தம் பெயரோ, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் பெயரோ இருப்பதைக் காட்டினால் வேறு ஆவணம் தேவையில்லை. காட்ட இயலாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி விசாரணை நடத்தப்படும்.

ஆனால் பழைய பட்டியலில் பெயரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. தமிழர்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்கின்றனர். கேரளப் பட்டியல்களில் வீட்டுப் பெயர் முதன்மை பெறுகிறது. வீட்டுப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லாத குடும்பங்களுக்கு, அந்த இடத்தில் அலுவலர் எழுதியதே வீட்டுப் பெயராகிவிடுகிறது. தமிழ்ப் பெயர் மலையாள எழுத்தில் பதிவாகி, பின்னர் ஆங்கிலத்துக்கு மாற்றப்படும்போது எழுத்துகள் வேறுபடுகின்றன. ஆதார் அட்டையில் ஒருவிதமாகவும், பழைய பட்டியலில் வேறுவிதமாகவும் இருக்கும் ஒரே பெயரைக் கணினி இரு வேறு ஆள்களாகக் கொள்ளக் கூடும்.

மலையாளத்தில் வரும் நோட்டீசைப் படிக்க இயலாத வாக்காளர், விசாரணை நாளைத் தவறவிடும் வாய்ப்பும் உள்ளது. இதற்குத் தீர்வு சட்டத்திலேயே இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழ், கன்னட மக்கள் மாநில அரசின் உள்ளூர் அலுவலகங்களுடன் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், அதே மொழியில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை அளிக்கிறது. தேர்தல் பணியைச் செய்பவர்களும் அதே வருவாய்த் துறை ஊழியர்களும் ஆசிரியர்களும்தான் என்பதால், இந்த உரிமையின் உணர்வு வாக்காளர் நோட்டீஸ்களுக்கும் நீட்டிக்கப்பட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

பறம்பிக்குளம் உணர்த்தும் தொலைவு

முதலமடை ஊராட்சியின் மற்றொரு பகுதியான பறம்பிக்குளம், இந்தச் சிக்கலின் உச்சம் எனலாம். காடர், மலசர், முதுவர் உள்ளிட்ட பழங்குடியினர் வாழும் இம்மலைப் பகுதி கேரளத்துக்கு உட்பட்டது. ஆனால் அங்கிருந்து வாகனத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கோ வட்டத் தலைநகரான சித்தூருக்கோ செல்ல, தமிழ்நாட்டின் டாப்சிலிப், சேத்துமடை வழியாக இறங்கி, மீண்டும் எல்லையைக் கடந்து கேரளத்துக்குள் நுழைய வேண்டும். வாக்காளர் விசாரணை ஒன்றுக்காக ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் இழப்பது இவர்களுக்குப் பெரிய சுமை. ஆவணக் குறைபாட்டைவிட, விசாரணைக்கு வர இயலாததே பெயர் நீக்கத்துக்குக் காரணமாகிவிடும் ஆபத்து இங்கு அதிகம்.

வாக்குச்சாவடிகளின் மறுசீரமைப்பும் கவனிக்கத்தக்கது. ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர்கள் என்ற வரம்பின்படி சாவடிகள் மாற்றியமைக்கப்படுகின்றன. கூட்டம் குறையும் என்பது இதன் நன்மை. எனினும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறுவதால், பழைய சாவடியின் பட்டியலில் தேடும் வாக்காளர் தம் பெயர் நீக்கப்பட்டதாகத் தவறாக எண்ணவும், அதற்கு மாறாக, நீக்கப்பட்டதை அறியாமலே இருக்கவும் வாய்ப்புள்ளது.

கேரளத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துள்ளது. பாலக்காடு மாவட்டத்தில் 2025 டிசம்பர் 11-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கான பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான பட்டியலைத் தயாரிப்பது இந்தியத் தேர்தல் ஆணையம். இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். டிசம்பரில் ஊராட்சித் தேர்தலில் வாக்களித்து விரலில் மை பெற்ற ஒருவரின் பெயர், அதே மாதம் வெளியான வரைவுப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். “இப்போதுதானே வாக்களித்தோம்” என்ற நம்பிக்கையில் அவர் பட்டியலைச் சரிபார்க்காமல் விட்டுவிடவும் கூடும்.

அலுவலர்களின் சுமை

இத்தனை நுணுக்கங்களையும் களத்தில் கையாள வேண்டியவர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களே. உள்ளாட்சித் தேர்தலும் எஸ்ஐஆரும் ஒன்றாக வந்ததால் பணியை ஒத்திவைக்குமாறு கேரள அரசு நீதிமன்றத்தை நாடியது. அதற்கு முன்பே, 2025 செப்டம்பர் 29-ஆம் தேதி கேரளச் சட்டமன்றம் எஸ்ஐஆருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பணிச்சுமையைக் கண்டித்து நவம்பர் 17-ஆம் தேதி கேரளத்தில் இந்த அலுவலர்கள் பணியைப் புறக்கணித்தனர். தமிழ்நாட்டிலும் நவம்பர் 2-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் தலைமையில் நடைபெற்ற கூட்டத்தில் உச்ச நீதிமன்றத்தை அணுக முடிவெடுக்கப்பட்டது. இதன் பிறகே படிவம் பெறும் காலம் நீட்டிக்கப்பட்டு, தமிழ்நாட்டில் டிசம்பர் 14 வரையும் கேரளத்தில் டிசம்பர் 18 வரையும் அவகாசம் வழங்கப்பட்டது.

இறந்தவர்களின் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் நீக்கப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. தூய்மையான பட்டியல், சிறிய வாக்கு வித்தியாசத்தில் வெற்றி தீர்மானிக்கப்படும் எல்லைத் தொகுதிகளுக்கே மிகவும் தேவையானது. எல்லைத் தமிழர்கள் என்றாலே ‘இரட்டை வாக்காளர்கள்’ என்று சந்தேகிக்கப்படும் நிலை மாறுவதற்கும் அதுவே வழி.

முன்னுதாரணங்கள்

பிகாரில் 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விடுபட்டோர் பட்டியல் காரணத்துடன் கிடைப்பதற்கு அந்த உத்தரவே வழிவகுத்தது. பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்ற ஒருவரை நீக்குவதற்கு முன் அவருக்கு உரிய வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

மகாராஷ்டிரம்-தெலங்கானா எல்லையில், இரு மாநிலங்களும் உரிமை கோரும் பத்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் மக்கள், இரு மாநிலங்களின் குடும்ப அட்டைகளையும் வாக்காளர் அட்டைகளையும் நீண்ட காலமாக வைத்துள்ளனர். அங்கு நிலமே தகராறில் இருக்கிறது. கோவிந்தாபுரத்தில் நிலம் யாருக்குரியது என்பதில் தகராறு இல்லை. எனவே இங்கு தேவைப்படுவது அரசியல் உடன்படிக்கையன்று. இரு மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு சரிபார்ப்பு மட்டுமே.

தேர்தல் காலங்களில் பணம், மதுக் கடத்தலைத் தடுக்க எல்லை மாவட்டங்களின் அதிகாரிகள் கூடிப் பேசுவது வழக்கம். அதே முறையில் பாலக்காடு-கோவை, இடுக்கி-தேனி மாவட்டங்களின் வாக்காளர் பதிவு அதிகாரிகள், ‘இடம்பெயர்ந்தவர்’, ‘இரட்டைப் பதிவு’ எனக் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல்களை ஒப்பிடலாம். அப்பால் பெயர் இருப்பது உறுதியான பிறகே இப்பால் நீக்குவது என்ற ஒரே நிபந்தனை, இரு புறமும் பெயர் இழப்பதைத் தடுக்கும். எல்லை ஊர்களுக்குத் தமிழ் நோட்டீஸ், மலைப் பகுதிகளுக்கு அங்கேயே விசாரணை முகாம் ஆகிய இரண்டும் அதனுடன் சேர்ந்தால் சிக்கலின் பெரும்பகுதி தீரும்.

வாக்காளர்கள் செய்ய வேண்டியது

கேரளத்தில் உரிமைகோரல்களையும் ஆட்சேபங்களையும் 2026 ஜனவரி 22 வரையும், தமிழ்நாட்டில் ஜனவரி 18 வரையும் அளிக்கலாம் என்று தொடக்க அட்டவணையில் அறிவிக்கப்பட்டிருந்தது. பெயர் விடுபட்டவர்கள் படிவம் 6-ஐ உறுதிமொழிப் படிவத்துடன் அளிக்க வேண்டும். இரு மாநிலங்களிலும் பெயர் இருந்தால், தாம் சாதாரணமாக வசிக்கும் இடத்தைத் தக்கவைத்து, மற்றதை நீக்க படிவம் 7 அளிக்கலாம். முகவரி மாற்றத்துக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8 பயன்படும்.

எல்லைக் குடும்பங்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முந்தைய தீவிர திருத்தப் பட்டியலில் உள்ள உறவினர் பெயரை எந்த மாநிலப் பட்டியலிலிருந்தும் சான்றாகக் காட்டலாம். பொள்ளாச்சியில் பிறந்து கோவிந்தாபுரத்தில் மணமுடித்த பெண், தமிழ்நாட்டின் பழைய பட்டியலில் உள்ள தம் தந்தையின் பெயரைக் காட்டிக் கேரளத்தில் பதிவைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

பதிவு அதிகாரியின் முடிவு பாதகமாக அமைந்தால் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அவரது முடிவிலும் நிறைவு இல்லையெனில் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

இரு மாநிலச் சட்டமன்றங்களின் பதவிக்காலமும் 2026 மே மாதத்தில் நிறைவடைவதாக இருந்தது. அந்தத் தேர்தலைக் கருத்தில்கொண்டே இந்தப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்குச் சென்ற பிறகு பெயர் இல்லை என்று அறிந்தால், அப்போது எந்தப் படிவமும் உதவாது. கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் பட்டியலைப் பார்ப்பதற்கும், இரு மாவட்ட அதிகாரிகள் அமர்ந்து ஒப்பிடுவதற்கும் உரிய காலம், உரிமைகோரல்கள் பெறப்பட்ட அந்தச் சில வாரங்களே.